மதர் சுப்பீரியரின் கையெழுத்தைத் தேடி யங் வீதிக்குப் போனேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பழைய கடிதங்கள் வைத்திருக்கும் காப்பகத்துக்குப் பேனா கொண்டு போகாதீர்கள். பென்சில் மட்டும்தான். தேநீர், தண்ணீர்ப் போத்தல் எல்லாம் வெளியே. நான் கைப்பைக்குள் மூன்று பேனாவும் ஒரு பக்கற் மிக்சருமாகப் போய் நின்றேன். எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு அரிவரிப் பிள்ளை மாதிரி ஒரு பென்சிலோடு போய் உட்கார வேண்டியதாயிற்று. வெள்ளைக் கையுறை தருவார்கள் என்றும் நினைத்திருந்தேன், படங்களில் பார்த்த பழக்கம். காகிதத்துக்கு அதெல்லாம் தேவையில்லை. கழுவித் துடைத்த வெறுங்கைதான் நல்லது, கையுறை போட்டால் விரலுக்கு உணர்வு இல்லாமல் ஓரத்தைக் கிழித்துவிடுவோம்.

போனது ரொறன்ரோ உயர்மறைமாவட்டத்தின், அதாவது பேராயரின் கீழ் உள்ள கத்தோலிக்கத் திருச்சபைப் பகுதியின், ஆவணக் காப்பகத்துக்கு. யங் வீதி 1155ஆம் இலக்கம், மறைமாவட்டத்தின் அலுவலகக் கட்டடம். நினைத்த நேரத்தில் போய்க் கதவைத் தட்டுகிற இடமில்லை, முன்கூட்டி எழுதி நேரம் எடுக்க வேண்டும். இப்படியான இடங்களுக்கு எழுதுகிறவர்களில் பாதிப்பேருக்கு மேல் தாத்தா பாட்டியின் ஞானஸ்நானப் பதிவையோ கலியாணப் பதிவையோ தேடுகிறவர்களாகத்தான் இருப்பார்கள். நான் கேட்டது வேறு. இந்த ஊரின் ஆயர்களுக்கும் பேராயர்களுக்கும் துறவற சபைகளுக்கும் இடையில் போய்வந்த கடிதங்கள்.

உனக்கேன் இந்த வேலை என்று வீட்டில் கேட்டார்கள். மகள் படிப்பது ஸ்காபரோவில் மேரி வார்ட் கத்தோலிக்க உயர்பாடசாலையில். மேரி வார்ட் யார் அம்மா என்று ஒரு நாள் கேட்டாள். எனக்குத் தெரியாது. தேடப் போனால் கதை எங்கேயோ இழுத்துக்கொண்டு போனது. 1585இல் பிறந்த ஆங்கிலேயப் பெண். மடத்துச் சுவருக்குள் அடைபட்டுக் கிடக்காமல் வெளியே வந்து பெண் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வேண்டும் என்று ஒரு சபை தொடங்கினார், 1631இல் பாப்பரசர் எட்டாம் உர்பன் அதை இழுத்து மூடினார், அவரை மூனிக் நகரில் ஒரு மடத்துக்குள் அடைத்தும் வைத்தார்கள். அங்கேயிருந்து தன் ஆட்களுக்குத் தேசிக்காய்ப் புளியில் கடிதம் எழுதியிருக்கிறார்! காகிதத்தை நெருப்பில் காட்டினால் எழுத்து வரும். இதைக் கேட்டவுடன் மகள் அடுப்படியில் அரைத் தேசிக்காயை வீணாக்கினாள். அந்த அம்மாவின் வழியில் வந்தவர்கள்தான் லொரேட்டோ சகோதரிகள். அவர்கள் ரொறன்ரோவுக்கு எப்படி வந்தார்கள் என்று பார்க்கத்தான் நான் வெளிக்கிட்டேன்.

இந்த ஊரின் முதல் ஆயர் மைக்கேல் பவர். ஹலிபக்ஸ்காரர், 1842இல் பொறுப்பேற்றபோது நாற்பது வயதுகூட ஆகவில்லை. 1847இல் ஐரோப்பாவுக்குப் போனவர் டப்ளினில் லொரேட்டோ சகோதரிகளைக் கேட்டு ஒப்புக்கொள்ள வைத்துவிட்டுத் திரும்பினார். அது அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் ஆளை விழுங்கிக்கொண்டிருந்த வருடம். அந்தக் கோடையில் ரொறன்ரோத் துறையில் இறங்கிய அயர்லாந்துக்காரர்கள் ஏறத்தாழ 38,000 பேர். ஊரின் சனத்தொகையோ அப்போது 20,000தான். வந்தவர்களோடு தைபஸ் காய்ச்சலும் வந்தது, ஊரில் ஆயிரத்துக்கு மேல் செத்தார்கள். ஆயர் தானே கொட்டில் கொட்டிலாகப் போய் சாகக் கிடந்தவர்களுக்கு அவஸ்தைப்பூசுதல் என்ற கடைசி எண்ணெய் பூசும் சடங்கைக் கொடுத்துக்கொண்டு திரிந்தார். ஐந்து சகோதரிகள் செப்டம்பர் 16ஆம் தேதி வந்து இறங்கினார்கள். ஒக்டோபர் 1ஆம் தேதி ஆயர் செத்துப்போனார். அதே காய்ச்சல். பதினைந்தே நாள்.

இதற்குப் பிறகுதான் கடிதங்கள் வைத்த பெட்டிகள் எனக்கு வேறு மாதிரித் தெரியத் தொடங்கின. அடுத்த ஆயர் அர்மன் டி ஷார்பொனெல் 1850இல்தான் வந்தார். அதாவது கூப்பிட்ட மனிதர் மண்ணுக்குள், அந்த ஐந்து பெண்களுக்கும் கடிதம் எழுத ஒரு ஆயரே இல்லாத மூன்று வருடம். மொழி ஒன்றென்றாலும் குளிர் வேறு, காசு இல்லை, வந்த இடத்தில் பெரியவர் இல்லை. தலைவியாக வந்த மதர் இக்னேஷியா ஹட்சின்சனும் 1851இல் செத்துப்போனார். பொறுப்பு மதர் தெரேசா டீஸ் என்பவர் தலையில் விழுந்தது, அவர் 1889இல் சாகும்வரை அதைச் சுமந்தார். ஆயர்களின் கடிதங்களை ஒழுங்காக அடுக்கி வைத்த இடத்தில் நீங்கள் முதலில் கவனிக்க வேண்டியது இந்த வெற்றிடத்தைத்தான். கடிதம் இல்லாத வருடங்களும் ஒரு தகவல்.

(1847 என்றவுடன் எனக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அதே வருடத்தின் கடைசியில்தான் அமலமரித் தியாகிகள் என்ற துறவற சபையின் அருட்தந்தை செமேரியாவும் கூட்டாளிகளும் இலங்கைக்கு வந்து இறங்கினார்கள். அவர் பிறகு யாழ்ப்பாணத்து ஆயராகி, 1862இல் பிரான்சிலிருந்து திருக்குடும்பக் கன்னியரைக் கூப்பிட்டார். என் அம்மம்மா படித்தது அவர்கள் நடத்திய கன்னியர் மடத்தில். ஆயர் எழுதுவார், மதர் ஆள் அனுப்புவார், கப்பல் ஏறுவார்கள், பாதிப்பேர் திரும்பிப் போக மாட்டார்கள். உலகம் முழுக்க ஒரே மாதிரித்தான் நடந்திருக்கிறது.)

சரி, கடிதங்களுக்கு வருகிறேன்.

ஆள் ஆளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், இந்த ஆயர் காலத்துக் கடதாசி, அந்தப் பேராயர் காலத்துக் கடதாசி என்று. எனக்கு அதிகம் ருசித்தது ஜோன் ஜோசப் லின்ச் காலம். அயர்லாந்தில் பிறந்தவர், வின்சென்சியன் சபைக் குரு, 1860இலிருந்து ஆயர், 1870இல் வத்திக்கான் சங்கம் என்ற ஆயர்களின் மாநாட்டுக்காக ரோமில் இருக்கும்போதே ரொறன்ரோ உயர்மறைமாவட்டம் ஆக, அதன் முதல் பேராயர். 1888 வரைக்கும். தானே துறவற சபைக்காரர் என்பதால் சபைகளின் உள்வீட்டுச் சங்கதி அவருக்குத் தெரியும், அதனால் அவரை ஏமாற்றுவதும் கஷ்டம்.

சகோதரிகள் எழுதிய கடிதம் ஒன்று எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஒரு தாளை நடுவில் மடித்து நாலு பக்கமாக்கியிருக்கும். உச்சியில் சின்னதாக மூன்று எழுத்து, இயேசு, மரி, சூசை. யாராவது செத்த வருடமாக இருந்தால் தாளைச் சுற்றிக் கறுப்புக் கரை, துக்கம் ஆழமென்றால் கரை அகலம். மை ஒரு காலத்தில் கறுப்பாக இருந்திருக்கும், இப்போது தேயிலைச் சாயம். ஆண்டகை அவர்களே என்று தொடங்கி முதல் இரண்டு பக்கத்துக்கு நலம் விசாரிப்பு, ஆசீர்வாதம் கேட்டல், தன்னைத் தாழ்த்திப் பேசுதல். மூன்றாம் பக்கத்தில்தான் மெல்ல விஷயம் எட்டிப் பார்க்கும். நாலாம் பக்கம் நெருக்கடியாகி, இடம் போதாமல், தாளைத் திருப்பி ஓரத்தில் குறுக்காக எழுதியிருப்பார்கள். உண்மையான விஷயம் அனேகமாக அந்த ஓரத்தில்தான் இருக்கும். எங்கள் சித்தி தொலைபேசியில் அரை மணித்தியாலம் ஊர்க்கதை கதைத்துவிட்டு, வைக்கப் போகும்போது "அப்புறம் ஒரு சின்ன விஷயம்" என்பார். அந்தச் சின்ன விஷயத்துக்காகத்தான் அழைப்பே. மதர்களும் அப்படித்தான்.

கேட்பது என்ன? புது வீடு தொடங்க அனுமதி, கடன் எடுக்க அனுமதி, பாவசங்கீர்த்தனம் கேட்க ஒரு நல்ல குருவானவர், வார்த்தைப்பாடு, அதாவது துறவற வாக்குறுதி, கொடுக்கப் போகிற பிள்ளைகளின் பட்டியல், தலைவி தேர்தல், ஒரு சகோதரியை இங்கேயிருந்து அங்கே மாற்றுகிற சிக்கல். அதிகாரம் யார் கையில் என்பதைத் தெரிந்துகொண்டு போனால் இதெல்லாம் புரியும், இல்லாவிட்டால் வெறும் மரியாதைக் கடிதமாகத் தெரியும். ஒரு சபை ரோமின் நேரடி அங்கீகாரத்தில் நின்றால் ஆயர் ஓரளவுக்கு மேல் தலையிட முடியாது. மறைமாவட்ட அங்கீகாரத்தில் நின்றால் அவர்தான் எல்லாம். பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ 1900 டிசம்பரில் இதை ஒரு சட்டமாக வரையறுத்தார். அதற்கு முன்பு இழுபறிதான். சூசையப்பர் சகோதரிகளைப் பாருங்கள். 1851இல் பிலடெல்பியாவிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்தவர்கள் நாலு பேர், மதர் டெல்ஃபின் ஃபொன்ட்பொன் தலைமையில். அவரும் 1856இல் காய்ச்சல்காரரைப் பராமரித்துத் தைபஸில்தான் போனார். அங்கேயிருந்து 1852இல் ஹமில்ட்டனுக்கு, 1868இல் ஒன்ராறியோ லண்டனுக்கு என்று கிளை விட்டார்கள், கிளை ஒவ்வொன்றும் தனித்தனி ஆயருக்குக் கீழே தனித்தனிச் சபையாகிவிட்டது. ஒரே தாய், பிள்ளைகள் தனிக்குடித்தனம். இந்தப் பிரிவுக்கெல்லாம் எவ்வளவு கடதாசி ஓடியிருக்கும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

லின்ச் காலத்தில் சபைகள் வந்துகொண்டேயிருந்தன. 1869இல் செயின்ட் ஹையசிந்திலிருந்து திரு இரத்தச் சகோதரிகள், வெளியே வராமல் செபிக்கிறவர்கள். 1875இல் நல்லாயன் சகோதரிகள். 1881இல் மீட்பர் சபைக் குருமார். கூப்பிடுவது சுலபம், வந்தவர்களுக்குச் சோறு யார் போடுவது என்பதுதான் மிச்சக் கடிதங்கள் முழுக்க. இதை நான் நக்கலாகச் சொல்லவில்லை. ரொறன்ரோவில் அப்போது கத்தோலிக்கர் சிறுபான்மை, அதிலும் அனேகம் வறிய அயர்லாந்துக்காரர். அனாதைப் பிள்ளை, வயோதிபர், நோயாளி எல்லாரையும் இந்தப் பெண்கள்தான் பார்த்தார்கள், அதுவும் கிட்டத்தட்டச் சம்பளமில்லாமல். பொண்ட் வீதியில் செயின்ட் மைக்கேல் மருத்துவமனை இருக்கிறதே, எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் இருதய ஒப்பரேஷனுக்குப் போய் வந்த இடம், அதை 1892இல் 26 கட்டிலோடு தொடங்கியதும் சூசையப்பர் சகோதரிகள்தான். அது லின்சுக்குப் பிறகு வந்த பேராயர் ஜோன் வோல்ஷ் காலம்.

பேராயர் என்ன பதில் போட்டார் என்று பார்ப்பது இன்னொரு கண்வேலை. அக்காலத்தில் போகும் கடிதத்தின் பிரதி எடுக்க, மெல்லிய தாளை ஈரப்படுத்தி, எழுதிய கடிதத்தின் மேல் வைத்து அச்சழுத்தியில் நெரிப்பார்கள். மை தாளின் மறுபக்கம் ஊறி வரும். அப்படிப்பட்ட புத்தகம் ஒன்றைப் புரட்டினால் ஒவ்வொரு தாளும் வெங்காயத் தோல் மாதிரி இருக்கும், மூச்சு விட்டாலே ஆடும், சில இடம் ஊறிப் பரவி ஊதா மேகமாக இருக்கும். பின்னால் ஒரு வெள்ளைத் தாள் வைத்துத்தான் வாசிக்க முடியும். கையெழுத்தின் கீழே பெயருக்கு முன்னால் ஒரு சின்னச் சிலுவை, அது ஆயர்களின் வழக்கம். லின்சின் எழுத்து ஓடுகிற எழுத்து. ஷார்பொனெல் பிரெஞ்சுக்காரர், பிரெஞ்சு தெரியாமல் அவர் காலத்துக்குள் போனால் பாதிக் கடிதம் படம் பார்க்கிற மாதிரித்தான். (அந்த மனிதர் 1860இல் பதவியை விட்டுவிட்டு ஐரோப்பாவில் கப்புச்சின் துறவியாகிவிட்டார். சபைகளோடு மல்லுக்கட்டிக் களைத்தவர், கடைசியில் தானே ஒரு சபைக்குள் போனார்.)

இங்கே என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்ல வேண்டும். பழைய கையெழுத்தைப் படித்துத் தட்டச்சாக்கித் தரும் செயலி ஒன்றுக்கு, பெயர் வேண்டாம், காசு கட்டி வைத்திருந்தேன். வீட்டில் இருந்த பழைய கடிதம் ஒன்றில் நன்றாக வேலை செய்தது. இந்தக் காலத்துக் கையெழுத்து மாதிரிகளைக் கொடுத்தேன், கொன்வென்ட் என்ற சொல் வந்த இடமெல்லாம் சிமெந்து என்று போட்டது. மதர் ஒருவர் சிமெந்துக்குக் கடன் கேட்பதாக நான் அரைப் பக்கக் குறிப்பு எழுதியும் விட்டேன். கட்டின காசு திரும்பி வரவில்லை. கண்ணால் மெல்ல மெல்ல வாசியுங்கள், பத்துக் கடிதம் போனால் அந்த மதரின் கை பழகிவிடும். கீழே இறங்கி வளைகிற "வை" என்ற ஆங்கில எழுத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம்.

அப்புறம் ஒரு பெரிய குறை, அது காப்பகத்தின் குறை அல்ல, எந்தப் பேராயரின் கடிதக் கட்டுக்கும் உள்ளதுதான். இங்கே உள்ளது பேராயரின் மேசைக்கு வந்ததும் மேசையிலிருந்து போனதும் மட்டும். மடத்துக்குள்ளே, கடிதத்தை எழுதி முடித்துவிட்டு அந்த மதர் மற்றவர்களிடம் என்ன சொன்னார் என்பது இங்கே இருக்காது. அது சபையின் சொந்தக் காப்பகத்தில், நாட்குறிப்பில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கதை. நான் ஒரு சபையின் காப்பகத்துக்கு எழுதிப் போட்டு இரண்டு மாதம் காத்திருந்தேன், பிறகு வந்த பதிலும் ஒரு வரி. கோபம் வந்தது, பிறகு யோசித்தேன். பல சபைகளில் மிச்சமிருப்பவர்களே கொஞ்சப் பேர், எல்லாரும் எண்பதைத் தாண்டியவர்கள். கட்டடம் விற்கிறார்கள், பெட்டிகளை எங்கே வைப்பது என்று அவர்களே தவிக்கிறார்கள்.

மக்நீல் காலத்துக்கும் கொஞ்சம் போனேன். நீல் மக்நீல், 1912 முதல் 1934 வரை பேராயர். தட்டச்சு வந்துவிட்டது, அப்பாடா, கண்ணுக்கு ஓய்வு. கதரின் டொனெலி என்றொரு ஆசிரியை, ஒன்ராறியோ அலிஸ்டன் பக்கம். மேற்கே புல்வெளிப் பிரதேசங்களில் குடியேறி ஒரு பள்ளியும் கோவிலும் இல்லாமல் கிடந்த சனத்துக்குப் போய்ப் படிப்பிக்க வேண்டும், மடத்து உடுப்பு இல்லாமல், சாதாரணப் பாடசாலையில், சாதாரண ஆசிரியையாக. இருந்த சபைகளுக்குள் அதற்கு இடமிருக்கவில்லை. மக்நீல் அந்த யோசனைக்குக் கை கொடுத்தார், 1922இல் ரொறன்ரோவில் சேவைச் சகோதரிகள் சபை பிறந்தது. நீண்ட அங்கியும் முக்காடும் இல்லை, சாம்பல் நிறச் சட்டையும் தொப்பியும். மேரி வார்ட் முந்நூறு வருடத்துக்கு முன்பு கேட்டு வாங்கிக்கட்டிய அதே விஷயம்தானே என்று எனக்குப் பட்டது. இந்த முறை தேசிக்காய்ப் புளி தேவைப்படவில்லை. மகளுக்கு இதைச் சொன்னேன், அவளுக்குத் தேசிக்காய்க் கதைதான் பிடித்திருக்கிறது, என்ன செய்வது.

எல்லாம் திறந்திருக்கும் என்று நினைத்துப் போகவும் வேண்டாம். திருச்சபைச் சட்டப்படி ஒவ்வொரு மறைமாவட்டத்துக்கும் பொதுக் காப்பகத்தோடு இரகசியக் காப்பகம் ஒன்றோ, குறைந்தது பூட்டிய இரகசியப் பெட்டகம் ஒன்றோ இருக்க வேண்டும், திறப்பு ஆயர் கையில் மட்டும். ஒழுக்கம் சம்பந்தமான குற்ற வழக்குகளில், குற்றவாளி இறந்துவிட்டாலோ தீர்ப்பாகிப் பத்து வருடம் கடந்துவிட்டாலோ, சுருக்கத்தையும் இறுதித் தீர்ப்பின் வாசகத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அழித்துவிட வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பு, 489ஆம் பிரிவு, போய்ப் பாருங்கள். வாசித்தபோது எனக்கு வயிறு கலங்கியது. கனடாவில் பழங்குடிப் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து அடைத்த விடுதிப் பாடசாலைகளில் கத்தோலிக்கப் பங்கின் பெரும்பகுதியை நடத்தியவர்கள் அமலமரித் தியாகிகள். எங்கள் ஊருக்கு வந்த அதே சபை. அந்தப் பாடசாலைகளை விசாரித்த உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015இல் முடிந்த பிறகும் சபைகளின் கடதாசிகள் எங்கே, யார் கையில் என்ற கேள்வி ஓயவில்லை. ஆகவே பெட்டிக்குள் இருக்கிற மதர்களின் அழகான கையெழுத்தில் மயங்கி நிற்கிற நேரத்திலும், எந்தப் பெட்டி மேசைக்கு வரவில்லை என்று ஒரு கண் வைத்திருக்க வேண்டும். இதை நான் கோவிலுக்குப் போகிறவளாகத்தான் சொல்கிறேன்.

சேவை எப்படி என்று கேட்டால், எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடதாசியில் பழகிய ஆட்கள், அவசரப்படுத்துவதில்லை. ஆனால் சும்மா பார்க்க வந்தேன் என்று போனால் யாராலும் உதவ முடியாது. ஒரு பெயர், ஒரு வருடம், ஒரு சபை, இந்த மூன்றில் குறைந்தது இரண்டு கையில் இருக்க வேண்டும். நான் முதல் மின்னஞ்சலில் "கன்னியாஸ்திரிகளைப் பற்றி" என்று மட்டும் எழுதியிருந்தேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, கடையில் போய் "சாமான் தாருங்கள்" என்று கேட்ட மாதிரி. பிரதி எடுக்க, படம் பிடிக்க, எழுதியதை வெளியிட என்று ஒவ்வொன்றுக்கும் அனுமதி வேறு, அங்கேயே கேளுங்கள். ஒரு பூதக்கண்ணாடி கொண்டு போனால் புண்ணியம். குளிர்ச்சட்டையும்தான், காகிதத்துக்கு ஏற்ற குளிர் எனக்கு ஏற்றதாக இருக்கவில்லை.

ஸ்காபரோவில் இருந்து போகிறவர்கள் கென்னடியில் சப்வே ஏறி, புளோர்-யங்கில் மாறி, வடக்கே இரண்டாவது நிறுத்தமான சமர்ஹில்லில் இறங்குங்கள். வெளியே வந்ததும் தெற்கே நடக்க வேண்டும். நான் வடக்கே நடந்து, கால் மணித்தியாலம் பிந்தி, மூச்சிரைக்க மிக்சரோடு போய் நின்றேன்.